பிறந்த வீடு மணல், புகுந்த வீடு களிமண்

நான் பிறந்து வளர்ந்த வீடு திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் தெருவில் இருந்தது. எழுபதுகளில் அந்தப் பக்கம் முழுக்கத் தென்னையும் சவுக்கும்தான். எங்கள் கிணற்றில் ராட்டினம் இருந்தது, தாம்புக்கயிறு இருந்தது. ஆனால் ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை பெய்துவிட்டால் ராட்டினத்துக்கு வேலை போய்விடும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி வாளியைக் கையாலேயே இறக்கி மொண்டுவிடலாம். பங்குனி சித்திரையில் கயிறு நீளும், அவ்வளவுதான். கிணறு வற்றிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காலில் சேறு இருக்காது. ஈர மணல் ஒட்டும். காய்ந்ததும் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். ஓரமாக வாய்க்கால் என்று ஒன்று எங்கள் தெருவில் கிடையாது. தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததும் இல்லை. அது விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். 1976 நவம்பரில் ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. கொட்டியது. நகரத்தின் பாதி தத்தளித்தது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு நின்றது, விடிந்தபோது இல்லை. அப்பா வாசலில் நின்று, "மணல் குடிச்சிடுச்சு" என்றார். அந்த வார்த்தையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போனேன். குழந்தைகளுக்குத் தந்துகிக் கவர்ச்சியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

கோடையில் கிணற்றுக்குத் தூர் எடுக்க ஒரு பெரியவர் வருவார். இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, அடியில் சேர்ந்த சேற்றையும் இலைச்சருகையும் கூடையில் அனுப்புவார். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர், தண்ணீர் இன்னும் நிறைய வேண்டும், ஆழப்படுத்துங்கள் என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "பாப்பா, இந்த நல்ல தண்ணி கடல் தண்ணி மேல உக்காந்திருக்கு. அளவா மொண்டா நம்ம கூடவே இருக்கும். ஆழம் பண்ணினா கீழ இருக்கறது ஏறி வந்துடும். கிணத்தை வேணா அகலம் பண்ணிக்கச் சொல்லு."

அவர் சொன்னதை ஐரோப்பாவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பாடோன் கைபன், 1901-ல் ஹெர்ஸ்பெர்க். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, ஏனென்றால் கடல்நீரின் எடை சற்று அதிகம். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதைத் திருப்பிப் படித்தால்தான் அதன் கடுமை புரியும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறும். கிணற்று மேடையில் அந்தப் பெரியவர் காத்துக்கொடுத்தது அந்த ஓர் அடியை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்தேன். பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம். ஆனால் மண்ணைப் பொறுத்தவரை வேறு ஊர். முதல் கார்த்திகை மழையன்று விடியற்காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மாமியார் பதறவில்லை. செங்கல்களை எடுத்து வரிசையாகப் போட்டு, கிணற்றடி வரைக்கும் பாதை செய்தார். "இது அஞ்சாறு நாள் நிக்கும்மா. இங்க மழை பெஞ்சா கீழ போகாது, வெயில் வந்துதான் எடுத்துட்டுப் போகணும்" என்றார்.

சித்திரையில் அதே கொல்லை பாளம் பாளமாக வெடித்தது. விரிசல்களில் விரல் முழுசாகப் போகும். கோடை மழை ஒன்று வந்தால், முதல் கொஞ்ச நேரம் அந்த விரிசல்கள் தண்ணீரைச் சத்தத்தோடு உள்ளே வாங்கும். என் திருவான்மியூர் மணலைவிட வேகமாக வாங்குகிறதே என்று நினைப்பதற்குள் மண் ஊறி, உப்பி, விரிசல்கள் மூடிக்கொள்ளும். பிறகு ஒரு சொட்டும் இறங்காது. களிமண்ணில் ஒரு வகை ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாம்பலத்தில் சுவர்கள் வருஷா வருஷம் கீறல் விடுவதற்கும், கதவுகள் மழைக்காலத்தில் இறுகுவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

மணலைவிடக் களிமண்ணில்தான் வெற்றிடம் அதிகம் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. மணலின் மொத்தக் கனஅளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வெற்றிடம். களிமண்ணில் அது பாதியைக்கூடத் தொடும். களிமண்ணில் அறைகள் அதிகம், வாசல்கள்தான் மிகச் சிறியவை. உள்ளே போன தண்ணீரை மண்துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வேருக்கும் கிணற்றுக்கும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு கனஅடி ஊறிய மணலிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் தானாக வடிந்து கிணற்றுக்கு வரும். களிமண்ணிலிருந்து வருவது நூற்றில் சில பங்குதான்.

1856-ல் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய ஓர் இரும்புக் குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, மண்ணுக்குள் நீர் போகும் வேகத்துக்கு ஒரு விதியைச் சொன்னார். நீர்மட்டத்தின் இறக்கம் எவ்வளவு, அது எவ்வளவு தூரத்தில் நடக்கிறது, மண் எப்படிப்பட்டது. இந்த மூன்றுதான் கணக்கு. முதலிரண்டையும் நாம் ஓரளவு மாற்றலாம். மூன்றாவது அந்தந்த இடத்தின் சொத்து. மணலில் ஒரு மணி நேரத்துக்கு 30 மி.மீ.க்கு மேல் இறங்கும், களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. வரைதான் என்று விவசாயப் பாசனக் கையேடுகள் சொல்கின்றன. இதிலும் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. காய்ந்த மண் முதலில் ஆவலாக வாங்கும். ஊற ஊற வேகம் குறைந்து, ஒரு நிலைக்கு வந்து அங்கேயே நிற்கும். அமெரிக்கரான ராபர்ட் ஹார்ட்டன் 1930-களில் இதை எழுதிவைத்தார். ஆகவே மழை எவ்வளவு என்பது மட்டும் கேள்வி இல்லை. எத்தனை மணி நேரத்தில், எத்தனையாவது மழையாக வந்தது என்பதும் கேள்வி. சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கிற சுமார் 1,400 மி.மீ.யில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடுகிறது. அதுவும் சில நாட்களில். பொறுமையாக வாங்கிக்கொள்ள மண்ணுக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

மாம்பலம் ஏன் களிமண் என்று என் மாமனாரைக் கேட்டேன். அவர் கையை நீட்டி கிழக்குப் பக்கம் காட்டினார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தியாகராய நகர் இருக்கிற இடத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்ட ஓர் ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் அதை வடித்து நகர் எழுப்பினார்கள். அகலமான தெருக்கள், நடுவில் பனகல் பூங்கா, பெரிய காம்பவுண்டுகள். அழகான நகரமைப்புதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏரி எங்கே தங்கும்? தண்ணீரைத் தாங்குகிற மண் இருக்கிற பள்ளத்தில்தானே தங்கும். நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து படிந்து அடி இறுகிய இடம் அது. கரையை எடுத்துவிட்டாலும் அடிமண் அப்படியேதான் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. கொஞ்சம் வடக்கே, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 1976-ல் திறந்தார்கள், அந்த 45 செ.மீ. மழை வந்ததும் அதே வருஷம்தான்.

சென்னை ஒரே மண்ணால் ஆன ஊர் இல்லை என்பதை நான் கல்யாணத்தால் தெரிந்துகொண்டேன். கடலோரமாகத் தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன், சாந்தோம், அடையாறு, திருவான்மியூர், கொட்டிவாக்கம் எல்லாம் மணல். தி. நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம், அண்ணா நகர், கொளத்தூர் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பாறை. மேலே சில அடி சிதைந்த கல், கீழே கருங்கல், தண்ணீர் அதன் விரிசல்களில் மட்டும். வேளச்சேரிக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரு போரில் தண்ணீரும் மற்றதில் புழுதியும் வருவதைப் பார்த்துச் சலித்துப்போனாள். ஆதிக் குடியேற்றக்காரர்கள் இதை அறிந்துதான் இடம் பார்த்தார்கள். கோட்டைக்குக் குடிநீர் தர 1772-ல் கிணறு வெட்டியவர்கள், ஜார்ஜ் டவுனுக்கு வடக்கே மணற்பாங்கான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அந்தப் பகுதிக்கே ஏழு கிணறு என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்த ஊரில் நிலத்தைக் கிரவுண்ட் கணக்கில் வாங்குகிறோம், 2,400 சதுர அடி. ஒரு கிரவுண்டில் ஒரு வருஷ மழையை அப்படியே பிடித்தால் 3 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 26 லாரி. பத்திரத்தில் மனையின் நாலு எல்லையும் எழுதுகிறோம். அதன்மேல் விழுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். நான் அதை மனசார வரவேற்றேன். தொடர்ந்து மழை பொய்த்து, கிணறுகள் தரைதட்டிக் கிடந்த காலம் அது. மந்தைவெளியில் மழை இல்லம் என்று ஒரு சிறிய செயல்விளக்கக் கூடம் அதற்கு முந்தைய வருஷமே திறந்திருந்தது. பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீரைப் பற்றிப் பேசிவந்த சேகர் ராகவன் அதன் முயற்சியில் முக்கியமானவர். சட்டம் வந்ததும் தெருவெல்லாம் குழாய்க்காரர்களும் கொத்தனார்களும். மொட்டை மாடியிலிருந்து பி.வி.சி. குழாய் இறங்கியது, காம்பவுண்டு ஓரத்தில் மூன்று அடிக் குழி, அதில் உடைத்த செங்கல், ஜல்லி, மேலே மணல். திருவான்மியூரில் என் அண்ணன் வீட்டிலும் அதே குழி, எங்கள் மாம்பலம் வீட்டிலும் அதே குழி. அளவு மாறவில்லை.

திருவான்மியூரில் அந்தக் குழியே அதிகம். அங்கே வெறும் மணலைத் திறந்து விட்டாலே போதும். மாம்பலத்தில் முதல் மழைக்கே குழி நிரம்பி, மாதக்கணக்கில் வடியாமல் நின்று, கொசு முட்டையிட்டது. தெருவில் பல வீடுகளில் அதைச் சிமென்ட் போட்டு மூடினார்கள். "சட்டத்துக்குப் போட்டது, கொசுவுக்கு மூடியது" என்று முடிந்துபோக இருந்தது. எங்கள் வீட்டில் மாமனார் விடவில்லை. உறை இறக்குகிற ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் மேஸ்திரி கொண்டுவந்தது கடப்பாரையும், கையால் திருகுகிற ஒரு துளைப்பானும் மட்டும். இரண்டு மூன்று இடத்தில் திருகி இறக்கி, ஏறி வந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். முதலில் கறுப்புக் களிமண், பிறகு சுக்கான் கலந்த மஞ்சள் மண், பிறகு களிமண்ணே. கடைசியில் கைக்கு நறநறவென்று மணல் வந்தது. "இங்கதான் வாய் இருக்கு. இது வரைக்கும் உறை இறக்கணும், அதுக்கும் கீழ ஒரு குழாய் விடணும்" என்றார். களிமண்ணைக் குடிக்கச் சொல்லக் கூடாது. அதைக் கடந்து போக வழி செய்ய வேண்டும். மூன்றடி விட்டத்தில் சிமென்ட் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. அடியில் ஜல்லி நிரப்பிய துளை. அடுத்த மழையில் மாடித் தண்ணீர் முழுக்க அதில் இறங்கியது, ஒரு மணி நேரத்தில் வடிந்தது. இரண்டாம் வருஷம் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சவர்ப்பு குறைந்தது.

அந்த மேஸ்திரி செய்தது ஒன்றுதான். குழி தோண்டுவதற்கு முன் மண்ணைக் கேட்டார். நகரம் முழுவதற்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்தபோது விடுபட்டது அதுதான். இதைச் சொல்வதால் சட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் அந்தத் துளைப்பான் வந்தே இருக்காது.

இதற்கிடையில் தெரு உயர்ந்துகொண்டே போனது. நான் வந்தபோது மாம்பலம் வீட்டுக்குத் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டார்கள். ஒரு படி மறைந்தது, பிறகு அடுத்தது. என் மகன் கல்லூரிக்குப் போன காலத்தில் தெருவும் வாசலும் சமமாயின. அதன்பிறகு நாங்கள் வீட்டுக்குள் இறங்கிப் போகத் தொடங்கினோம். தெருவில் விழுகிற மழைக்கு எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்ற விதி பிறகு கண்டிப்பானது. உயர்ந்த தெருக்கள் இறங்கி வரவில்லை.

2015 நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை. மண்ணில் இருந்த ஒவ்வொரு இடைவெளியும் நிரம்பியிருந்த நிலையில் டிசம்பர் 1 வந்தது. நுங்கம்பாக்கத்தில் அன்றைக்கு 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிட, அடையாறு கரை மீறியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அந்த மழையை எந்த மண்ணும் குடித்திருக்காது, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். நீர்மட்டம் தரையைத் தொட்டுவிட்ட பிறகு மணலும் பாறையும் ஒன்றுதான். ஆனால் அதற்கு முந்தைய ஒரு மாத மழையை எங்கெங்கே வாங்கி வைத்திருக்கலாம் என்ற கணக்கு வேறு. ஏரிகள் இருந்திருந்தால், கால்வாய்கள் அகலமாக இருந்திருந்தால், பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்காமல் இருந்திருந்தால் அந்த டிசம்பர் இரவு கொஞ்சமாவது தணிந்திருக்கும்.

நாலு வருஷம் கழிந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வெடித்துக் கிடந்தன. 2015-ல் எந்த வாசலில் நின்று படகுக்காகக் காத்திருந்தோமோ, அதே வாசலில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். உணவகங்கள் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 200 கி.மீ.க்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நான் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். எட்டு கிரவுண்டில் ஒரு வருஷம் விழுகிற மழை அது. எங்கள் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளின் கூரை மட்டும். ஆவியாகிற பங்கைக் கழித்தாலும் அந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

மாமனார் மாமியார் காலத்துக்குப் பிறகு, மாம்பலம் வீட்டைப் பங்கு பிரித்துக்கொடுத்துவிட்டு நான் திருவான்மியூருக்கே திரும்பினேன். பிறந்த வீட்டு மனையில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் எனக்கு ஒரு பகுதி. மணலுக்குத் திரும்புகிறேன் என்ற சந்தோஷம் இருந்தது. முதல் மழையில் கீழ்த்தளத்து கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நின்றது. திருவான்மியூரில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், தண்ணீர் நின்றது.

என்ன ஆயிற்று என்று தேடினேன். அடிமண் மாறவில்லை. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது எட்டிப் பார்த்தேன், நாலடிக்குக் கீழே நான் விளையாடிய அதே மணல்தான். மேலே இருந்த நாலடிதான் வேறு. மனையை உயர்த்தக் கொட்டிய இடிபாடு, அதன்மேல் கிராவல், அதன்மேல் லாரியும் கலவை இயந்திரமும் மாதக்கணக்கில் ஏறி இறங்கிய இறுக்கம், அதன்மேல் குவாரித் தூள், கடைசியில் நெருக்கிப் பதித்த பேவர் பிளாக். மணலை அழுத்தினால் என்ன ஆகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மணற்பாங்கான ஊரில், கட்டுமான வண்டிகள் ஓடிய மனைகளை ஓர் ஆய்வுக்குழு அளந்து 2006-ல் வெளியிட்டது. தண்ணீர் இறங்கும் வேகம் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்தது. களிமண் ஏற்கெனவே இறுகியது, அதற்கு இழக்க அதிகம் இல்லை. மணல்தான் எல்லாவற்றையும் இழக்கிறது. சிமென்ட் மட்டுமே குற்றவாளி இல்லை. கண்ணுக்கு மண்ணாகத் தெரிகிற தோட்டப் பாத்தியும் கீழே இறுகியிருந்தால் தண்ணீருக்குத் தரைதான். மரவேரும் மண்புழுவும் வருஷக்கணக்கில் போட்டுவைத்த வழிகளை ஒரே வாரத்தில் மூடிவிடுகிறோம்.

இதற்குப் பரிகாரமாகத் தெருவுக்குத் தெரு கான்கிரீட் மழைநீர் வடிகால் வருகிறது. களிமண் பகுதிக்கு அது தேவை, மாம்பலத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்த நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் மணலிலும் ஜெர்மன் வங்கிக் கடனில் அதே வடிகாலைப் போட முனைந்தபோது, அங்கே குடியிருப்பவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். எங்கள் மண் தானாகக் குடிக்கும், அதைப் பிடுங்கிக் கடலுக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அவர்கள் பக்கம்தான் நான். அந்த மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் கடலைத் தடுத்து நிறுத்துகிறது. மேலிருந்து ஊட்டுவதை நிறுத்திவிட்டு கீழிருந்து போர் போட்டு இறைத்துக்கொண்டே போனால், தூர் எடுக்க வந்த பெரியவர் சொன்னதுதான் நடக்கும். எங்கள் அடுக்குமாடியின் போர் 80 அடி. அதில் வரும் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கக் கேன் வாங்குகிறோம்.

ஆறுதலான செய்திகளும் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. மாநகராட்சி பூங்காக்களில் பள்ளம் எடுத்து மழையைத் தேக்கி இறக்குகிறது. கிண்டி குதிரைப்பந்தய மைதான நிலத்தை அரசு 2024-ல் மீட்டபின் அங்கே குளங்கள் வெட்டினார்கள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில் குளங்களுக்கு மாடவீதி மழைநீர் திரும்பி வருகிறது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாம் தண்ணீருக்கு இடம் விடுகிற வேலைகள், நான் வணங்குகிறேன். ஆனால் குளம் வெட்டுகிறவர்கள் அடியில் மணலா களியா என்று பார்த்து வெட்ட வேண்டும். தேங்க வைப்பதற்கு ஓர் இடம், இறங்க வைப்பதற்கு வேறோர் இடம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் போன ஆவணியில் இந்தப் பேச்சை எடுத்தேன். நீளமாகப் பேசவில்லை, செய்து காட்டினேன். வடக்குப் பக்கச் சந்தில் இரண்டு பேவர் பிளாக்கைப் பெயர்த்து, ஓர் அடிக்குக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊற வைத்தோம். ஊறாத மண்ணில் அளந்தால் பொய்க்கணக்கு வரும். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. பக்கத்திலேயே இறுக்கத்தைக் கடந்து மணல் வரும்வரை தோண்டினோம். அதில் ஊற்றிய குடம் ஊற்றி முடிப்பதற்குள் காணாமல் போனது. இரண்டாம் மாடியில் இருக்கிற இளைஞர், கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், "ஆன்ட்டி, இன்னொரு குடம் ஊத்தலாமா?" என்று கேட்டு அவரே கொண்டுவந்து ஊற்றினார். அன்றைக்கே வடக்குச் சந்து முழுக்கப் பேவரை எடுக்கச் சம்மதம் கிடைத்தது. இறுகிய கிராவலை வாரிவிட்டு மணல் வரை இரண்டு உறை இறக்கினோம். மாடிக் குழாய்களை அதற்குத் திருப்பினோம். மேலே போடுகிற வடிமணலில் தூசி படியும், வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு சாண் சுரண்டிப் புதிதாகப் போட வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம்.

தெற்குப் பக்கம் இன்னும் பேவர்தான். அங்கே இரண்டு கார்கள் நிற்கின்றன. உரிமையாளர்கள் டயர் புதையும் என்கிறார்கள். சக்கரம் ஓடுகிற தடத்துக்கு மட்டும் கல் பதித்துவிட்டு நடுவைத் திறந்துவிடலாம் என்று நான் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் இன்னொரு கூட்டம் இருக்கிறது.